அப்பாவின் 90 நிமிடம்

வங்கி வேலையில் எத்தனை மாற்றல் வந்தாலும் மூட்டை கட்டும்போது முதலில் உள்ளே போவது அப்பா கொடுத்த கேசட்தான். கும்பகோணத்தில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த 90 நிமிடக் கேசட். சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டு, அடுத்து நாகூர் ஹனிபா, பிறகு 'அன்னக்கிளி' (1976), நடுவே திடீரென்று 'ஆராதனா' (1969)! பேரேட்டை இப்படி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார் :-)

அப்பாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கிஷோர் குமார் பாடினால் திண்ணையில் தாளம் போடுவார்.

போன மாதம் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி மகளிடம் கொடுத்தேன். நாக்பூரில் பிறந்து வளர்ந்தவள். 'அன்னக்கிளி'யையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"புரியுதாம்மா?"

"பாதி புரியலப்பா. ஆனா நல்லா இருக்கு."

சுருக்கென்றது. அப்பா இந்தியைக் கேட்ட மாதிரிதான் என் மகள் தமிழைக் கேட்கிறாள். ஆபீஸ், ஆடிட் என்று வீட்டில் உட்கார்ந்து பேசாமலே பதினாறு வருடம் ஓட்டியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குப் போன் போட்டு, 'ஆராதனா' பாட்டுக்கு வரிவரியாக அர்த்தம் சொன்னாள், அரைகுறைத் தமிழில். "அட, இதுதானா சேதி!" என்று அப்பா சிரித்தது எனக்கே கேட்டது. பதிலுக்கு அவர் 'அன்னக்கிளி'யை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது வாரம் ஒரு பாட்டு. வரும் ஞாயிறு ஹனிபா. நானும் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

உங்கள் வீட்டுக் கேசட்டில் என்னென்ன கலவை? சொல்லுங்களேன்.