கடல் பொது, வழி தனி

மெக்சிகோவின் கரீபியன் கரையில் உள்ள கன்கூன் நகரத்துக்கு வருகிறவர் நகரத்தைப் பார்க்காமலே திரும்பிவிட முடியும். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் திரும்புகிறார்கள். விமான நிலைய வாசலில் ஹோட்டல் வேன் காத்திருக்கும். நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓடி, ஊருக்குள் நுழையாமலே கடலோரச் சாலையில் திரும்பிவிடும். அறை வாடகையிலேயே சாப்பாடும் மதுவும் அடக்கம். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிட்டால் பர்ஸைத் தொடும் வேலைகூட இல்லை. ஐந்து நாள் கழித்து அதே வேன், அதே சாலை. உடம்பு வெயிலில் கறுத்திருக்கும். ஊரில் ஒரு தெருவின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இந்தியர்களுக்குக் கன்கூன் கடற்கரையாக அல்ல, மாநாட்டு ஊராகத்தான் முதலில் அறிமுகம். பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய 1981 அக்டோபர் உச்சி மாநாட்டுக்கு இந்திரா காந்தி வந்திருந்தார். ரீகனும் தாட்சரும் வந்திருந்தார்கள். 2003 செப்டம்பரில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டம். இந்தியக் குழுவுக்கு அருண் ஜேட்லி தலைமை தாங்கினார். விவசாய மானியம், முதலீட்டு விதிகள் என்று தகராறு முற்றிக் கூட்டம் முறிந்தது. ஆர்ப்பாட்டக்காரர்கள் ஹோட்டல் பகுதிக்குள் நுழைந்துவிடாமல் வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலியின் மேல் ஏறி லீ கியூங் ஹே என்ற தென்கொரிய விவசாயி தன்னைத் தானே கத்தியால் குத்திக்கொண்டு உயிரை விட்டார். வேலி நின்றது ஊர் முடிந்து ஹோட்டல் பகுதி தொடங்கும் இடத்தில். கூட்டம் கலைந்ததும் வேலியை எடுத்துவிட்டார்கள். எல்லை மட்டும் அங்கேயே இருக்கிறது.

அந்த எல்லை தற்செயலாக உண்டானதல்ல. 1960களின் இறுதியில் அந்நியச் செலாவணிக்கு வழி தேடிய மெக்சிகோவின் மத்திய வங்கி, சுற்றுலாவுக்கு ஏற்ற கரைகளைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. அதில் தேறியது, ஒருபுறம் கடலும் மறுபுறம் நிச்சுப்தே என்ற உப்பங்கழியும் சூழ, 7 என்ற எண்ணின் வடிவில் கிடந்த ஒரு மணல் திட்டு. 1970இல் வேலை தொடங்கியபோது அங்கே குடியிருந்தவர்கள் தென்னந்தோப்பைக் காவல் காத்த மூன்று பேர் என்பது ஊரில் வழங்கும் கதை. ஆனால் இடம் என்றுமே வெறுமையாகக் கிடந்ததில்லை. மாயா மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுப்பிய எல் ரே என்ற கட்டடத் தொகுதி இன்றும் அந்தத் திட்டின் மேலேயே நிற்கிறது. கற்களின் மேல் உடும்பு போன்ற இகுவானாக்கள் வெயில் காய்கின்றன.

திட்டமிட்டவர்கள் இரண்டு இடங்களை வரைந்தார்கள். மணல் திட்டு விருந்தாளிகளுக்கு. அதைத் தாண்டி நிலப்பரப்பில் ஓர் ஊர், வேலை செய்கிறவர்களுக்கு. 1970களின் நடுவில் முதல் ஹோட்டல்கள் திறந்தன. கொத்தனாராகவும் சமையற்காரராகவும் அறை சுத்தம் செய்யவும் யுகத்தான், தபாஸ்கோ, சியாபாஸ் மாநிலங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். பலருக்கு வீட்டு மொழி மாயா. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் எண்ணிக்கை 8 லட்சத்து 88 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

ஊருக்கும் ஹோட்டல்களுக்கும் நடுவே ஆர்-1, ஆர்-2 என்ற பஸ்கள் ஓடுகின்றன. காலையில் சீருடையை இஸ்திரி போட்டுப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களால் அவை நிரம்பி வழியும். கன்கூனைப் பார்க்க நினைக்கிற பயணி வாங்க வேண்டிய முதல் டிக்கெட் இந்தப் பஸ்ஸுக்குத்தான். பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது. ஆனால் மைல் கணக்கில் தெரிவது ஹோட்டல் சுவர்கள். சுவருக்கும் சுவருக்கும் நடுவே நீலம் ஒரு கோடாக மின்னி மறைகிறது.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. மெக்சிகோவில் கடற்கரை யாருடைய சொத்தும் அல்ல, தேசத்தின் சொத்து. கரையை ஒட்டி 20 மீட்டர் அகலத்துக்கு மத்திய அரசின் நிலம். ஹோட்டல் அதைப் பயன்படுத்தலாமே தவிர, சொந்தம் கொண்டாட முடியாது. சிக்கல் மணலில் இல்லை, மணலுக்குப் போகும் பாதையில்தான். பாதை ஹோட்டல் வரவேற்பறை வழியாகப் போகிறது. அங்கே காவலாளி மணிக்கட்டைப் பார்க்கிறார். கரைக்குப் போகும் வழியை மறிப்பவர்களுக்கு அபராதம் விதிக்க 2020இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்ததே, நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கன்கூனின் மணல் தானாகத் தங்குவதில்லை. மணல் மேடுகளின் மேலேயே ஹோட்டல் கட்டியதால், அலை அள்ளிக்கொண்டு போவதை ஈடுகட்டக் கரையிடம் சேமிப்பு இல்லை. 1988இல் கில்பர்ட் புயல் அரித்தது. 2005 அக்டோபரில் வில்மா புயல் நகர மனமில்லாமல் நின்று அடித்ததில் பல இடங்களில் வெறும் பாறைதான் மிஞ்சியது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்டினார்கள். அதுவும் கரைந்து போக, 2009-10இல் மறுபடியும் கொட்டினார்கள். இரண்டு முறையும் அரசுப் பணம் செலவானது. 2009இல் ஒரு ஹோட்டல் தன் வாசலில் மணலைச் சட்டவிரோதமாகத் தேக்கி வைத்துக்கொண்டதாகக் குற்றம் சாட்டி, கடற்படை வீரர்கள் துணையோடு அதிகாரிகள் அங்கே நாடா கட்டிக் கரையை மூடினார்கள். விருந்தாளிகள் திகைத்து நின்றார்கள். மணல் கொள்ளை என்றால் ஆற்றையும் லாரியையும் நினைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி அவ்வளவு விசித்திரமாகப் படாது.

சட்டப்படியும் பொது, கொட்டிய பணத்தின்படியும் பொது. அந்தப் பொதுவை நேரில் பார்க்க, எல் ரே அருகே ப்ளாயா டெல்ஃபினெஸ் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை இறங்க வேண்டும். அங்கே முன்னால் ஹோட்டல் இல்லை, கட்டணம் இல்லை. பயணிகள் வண்ண வண்ணமாக நிற்கும் ஊர்ப் பெயரின் எழுத்துக்கள் முன்னே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் கிளம்புவதில்லை. குடை நட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து, பாட்டி முதல் கைக்குழந்தை வரை பொழுது சாயும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். வாரம் முழுக்க மற்றவர்களுக்காகத் துண்டு மடித்துப் போட்ட கைகள் அன்று தங்கள் பிள்ளைகளின் தலையைத் துவட்டுகின்றன.

இருட்டியதும் அதே பஸ். ஊருக்குத் திரும்புகிறவர்களின் காலில் மணல் ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் இரவு வேலைக்காரர்கள், சீருடைப் பையோடு.