கண்மாய் நிறைந்த நாட்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

ஐப்பசியில் ஒரு நாள் இரவு முழுவதும் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் விடியாததுமாக ஊரே கண்மாய்க் கரையில் திரண்டு நின்றது. வரத்துக் கால்வாயில் செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து, வெடித்துக் கிடந்த தரையை ஒவ்வொரு திட்டாக விழுங்கிக்கொண்டிருந்தது. என் தந்தையார் முகத்தில் நெடுநாளைக்குப் பின் சிரிப்பைக் கண்டேன். கண்மாய் நிறைந்தால்தான் வயலில் நடவு. நடவு நடந்தால்தான் எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்களுக்கு வேலை. அத்தனை பேர் மகிழ்ந்து நின்ற அந்தக் கரையில் முகம் வாடி நின்றவள் நான் ஒருத்திதான். காரணம் வேறொன்றுமில்லை. அந்தக் கண்மாய்த் தரைதான் என் ஓட்ட மைதானம்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். பங்குனியில் நீர் வற்றினால் மீண்டும் மழை பிடிக்கும்வரை கண்மாயின் உள்தரை சிமெண்டு போட்டது போல் இறுகிக் கிடக்கும். பையன்கள் அங்கே கிரிக்கெட்டும் கபடியும் ஆடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், பேருந்தைப் பிடிக்க நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் என்னை 800 மீட்டர் ஓட்டத்தில் சேர்த்துவிட்டார். அன்றே இருபது மீட்டர்க் கயிறு ஒன்றை அளந்து வெட்டி, கண்மாய்க்குள் இருபது முறை போட்டு, 400 மீட்டர் வட்டம் ஒன்று வகுத்தேன். எல்லைக்குக் கருவேலங்குச்சிகளை நட்டேன். அதில் இரண்டு சுற்று ஓடினால் 800 மீட்டர். முதற்சுற்றைக் கால் ஓடும். இரண்டாம் சுற்றை மூச்சு ஓட வேண்டும். இதுதான் அந்த ஓட்டத்தின் இரகசியம்.

தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. நமக்கு நவம்பரில் பருவத் தேர்வு. ஜனவரியில் கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டி. சென்ற ஆண்டு, முதலாண்டு மாணவியான நான், இந்தக் கணக்கைச் சரியாகப் போடவில்லை. கண்மாய் நிறைந்ததும், "மைதானம் போயிற்று, தேர்வும் வருகிறது, மழை விட்ட பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். கல்லூரி மைதானமும் சேறாகத்தான் கிடந்தது. மாலைப் பேருந்தை விட்டால் ஊருக்கு வேறு பேருந்தும் கிடையாது. சாக்குகளுக்கா பஞ்சம்? ஏழு வாரங்கள் ஓடவேயில்லை.

ஜனவரியில் போட்டிக்குச் சென்றேன். முதற்சுற்றில் மூன்றாவதாக வந்தேன். தோழியர் கைதட்டினார்கள். 600 மீட்டரைத் தாண்டியதும் நெஞ்சில் யாரோ கல்லை ஏற்றி வைத்தது போலிருந்தது. கால்கள் என்னுடையவையாக இல்லை. ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். எல்லோரும் முடித்து நெடுநேரம் ஆன பிறகு, கடைசி ஆளாக, ஏறத்தாழ நடந்தே எல்லைக்கோட்டைத் தொட்டேன். கைதட்டியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் காட்டிய கருணை என்றே நினைக்கிறேன்.

வீட்டில் பேச்சு எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இந்தா பாரு தாயி, படிக்கத்தான் அனுப்புறேன். இன்னும் ஒரு வருசம் ஓடு. மூணு இடத்துக்குள்ள வந்து ஒரு சர்டிபிகேட்டு வாங்கினீன்னா, நாளைக்கு வேலைக்கு உதவும். இல்லேன்னா விட்டுரு" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஓடுகிறவளுக்கு முட்டை வேண்டும், காலணி வேண்டும். நாள் கூலியில் நடக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொன்றும் கணக்குத்தான்.

இவ்வாண்டு கோடையிலேயே நம் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் சென்று என் நிலையைச் சொன்னேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குக் கண்ணைத் திறந்தது. பயிற்சியை அடியோடு நிறுத்தினால் இரண்டு வாரத்திலேயே உடலின் இரத்த அளவு குறையத் தொடங்குகிறது. இதயம் ஒரு துடிப்புக்கு வெளித்தள்ளும் இரத்தமும் குறைகிறது. தசையின் வலு சில வாரங்கள் தாக்குப் பிடிக்கும். மூச்சின் திறனோ முதலிலேயே போய்விடும். சென்ற ஆண்டு முதற்சுற்று நன்றாக அமைந்து இரண்டாம் சுற்று என்னைக் கைவிட்டதன் காரணம் இதுவே. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். வாரத்தில் ஆறு நாள் செய்வதை இரண்டு மூன்று நாளாகக் குறைத்தாலும், அந்த நாட்களில் வேகத்தைக் குறைக்காமல் இருந்தால், பெற்ற திறனைப் பல வாரங்கள் காப்பாற்றிவிடலாமாம். "மைதானம் போனால் போகட்டும். வேகத்தை விட்டுவிடாதே" என்றார்.

அதன்பின் நூலகத்தில் விளையாட்டு நூல்களைப் புரட்டலானேன். குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃப் பற்றிய பகுதி ஒன்று கண்ணில் பட்டது. எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று சிரித்துக்கொண்டேதான் படித்தேன். குளிர் நாடுகளில் மாதக் கணக்கில் பனி மூடி ஆடுகளமே மறைந்துவிடுமாம். அக்காலத்தில் அந்த ஆட்டக்காரர்கள் வீட்டுக்குள் தரை விரிப்பின் மேல் பந்தை உருட்டிப் பழகுவார்களாம். பந்தே இல்லாமல் கண்ணாடி முன் நின்று மட்டையை வீசிப் பார்ப்பார்களாம். செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் ஜாடோபெக்கோ பனியில் இராணுவப் பூட்ஸ் அணிந்து ஓடிப் பழகியவர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர் அவர். அவர்களுக்குப் பனி, எனக்குக் கண்மாய்த் தண்ணீர். வேறுபாடு அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஆகவே இவ்வாண்டு ஊருக்குள் மைதானம் தேடினேன். மூன்று கிடைத்தன.

முதலாவது, ஊர் உலர்களம். நெல்லும் கடலையும் காய வைக்கும் சிமெண்டுத் தளம். அறுவடை வரை அது சும்மாதான் கிடக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முப்பது எட்டு. ஓடுவது, நிற்பது, திரும்புவது, மறுபடி ஓடுவது எனப் பத்து முறை செய்தால் மூச்சு வாங்கிவிடும். ஆனால் சிமெண்டுத் தரை முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை வலிக்கச் செய்தது. எனவே வாரத்தில் ஒரு நாளோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது, கண்மாய்க் கரை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையிலிருந்த புளியமரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதில் கரை மேல் நீண்ட வெட்டவெளி ஒன்று உண்டு. மழை இரண்டு நாள் விட்டால் போதும், காலை வெளிச்சம் வந்தபின் அதன் சரிவில் கீழிருந்து மேலாக ஓடி ஏறுவேன். பதினான்கு எட்டில் உச்சி. இறங்கும்போது நடை. ஒரு காலைக்கு இருபது ஏற்றம். ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர், மறுபக்கம் பச்சை வயல். அதைவிட அழகான மைதானம் எந்த நகரத்தில் உண்டு?

மூன்றாவது, ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரம். மழை விடாத நாட்களில் அங்கே கயிறு தாண்டுவேன். பழைய கிணற்றுக் கயிறுதான். நூறு தாண்டல், சிறிது ஓய்வு, மறுபடி நூறு.

அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "ஏன்டி, மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்தா பரீச்சைய யாரு எழுதுறது? கரையில பாம்பு பட்ட கெடக்கு. பாக்குறவுக என்ன பேசுவாக?" என்பார். காய்ச்சலுக்கும் பாம்புக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த 1,000 ரூபாயில் ஒரு மாதத்துப் பணத்தைக் காலணிக்குச் செலவிட்டதை அம்மாவிடம் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன். திட்டினார். மறுநாள் காலை, கரைச் சேறு அப்பியிருந்த அந்தக் காலணிகள் கழுவி அடுப்படியில் காய வைக்கப்பட்டிருந்தன.

பார்ப்பவர் பேச்சைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருவார். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். நான் ஓடுகிற அதே 800 மீட்டரில், 2006ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றவர். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகமே அவரைப் பற்றிப் பேசிற்று. அவர் பட்ட துயரத்துக்கு முன் என் ஏழு வாரமும் ஒரு சேற்று மைதானமும் எம்மாத்திரம்? ஓடவே விடாமல் செய்யப்பட்ட பிறகும் அவர் ஓட்டத்தை விடவில்லை. அரசு தந்த பரிசுத் தொகையைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். பின்னர்ப் பயிற்றுநர் பட்டயமும் முறையாகப் பெற்றார். 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூர்யாவும் நம் மாவட்டத்துக்காரரே. இவர்கள் ஓடிய மண்ணில் மழையைச் சாக்குச் சொல்லி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை செய்திருக்கிறோம். ஊசலை ஆட்டிவிட்டுப் பேசாமலிருந்தால், காற்றின் தடையால் வீச்சு குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுவிடும். இதைத் தடையுறு அலைவு என்கிறோம். உரிய நேரத்தில் விரல் நுனியால் சிறிதளவு தள்ளிக்கொண்டே இருந்தால் அது நிற்பதில்லை. நின்றுபோன ஊசலை மீண்டும் பழைய வீச்சுக்குக் கொண்டுவருவதைவிட, ஆடுகிற ஊசலை ஆடவைத்துக்கொண்டிருப்பது எளிது. தேர்வுக்காக இதைப் படித்தபோது விளங்காதது, கரைச் சரிவில் பதினான்காவது எட்டில் எனக்கு விளங்கியது.

ஜனவரி வந்தது. போட்டியும் வந்தது. இம்முறை 600 மீட்டரைத் தாண்டியபோது அந்தக் கல் நெஞ்சில் ஏறவில்லை. கடைசித் திருப்பத்தில் இருவரை நான் கடந்தேன். சென்ற ஆண்டைவிட முப்பது விநாடிக்கு மேல் குறைவு. ஆனால் எனக்கு முன்னே மூவர் போய்விட்டார்கள். நான்காம் இடம். நான்காம் இடத்துக்குச் சான்றிதழ் கிடையாது.

பேருந்தில் வரும் வழியெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதே நினைவாக இருந்தது. சொன்னேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போன வருசம் எத்தனாவது?" என்றார். "கடைசி" என்றேன். "கண்மாய எப்பத் தூர் வாருவோம்?" என்று கேட்டார். "தண்ணி இல்லாதப்ப" என்றேன். "ஆமா. தண்ணி கெடக்கும்போது எவனும் தூர் வார முடியாது. சும்மா கெடக்குற காலத்துல செஞ்ச வேலதான் மழை பெய்யும்போது தெரியும். ஒரு வருசம் தூர் வாருனதுக்கே இம்புட்டு நிக்கிது. விட்டுரச் சொன்னா அது நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

தை பாதியில் அறுவடை தொடங்கியது. உலர்களம் முழுவதும் நெல் பரப்பிவிடுவார்கள். கண்மாயிலோ இன்னும் தண்ணீர் கிடந்தது. இனிச் சில வாரம் பயிற்சி இல்லை என்று எண்ணிக்கொண்டே மறுநாள் காலை அந்தப் பக்கம் போனேன். களம் நிறைய நெல். ஆனால் கிழக்கு ஓரத்தில், ஒரு முனை முதல் மறுமுனை வரை, இரண்டு முழ அகலத்துக்கு நெல்லில்லாமல் ஒரு பாதை கூட்டிப் பெருக்கி விடப்பட்டிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர், "ஒங்கப்பன்தான் எல்லார்கிட்டயும் சொல்லி விட்டு வைக்கச் சொன்னான். நெல்லுல கால் படாம ஓடு ஆத்தா" என்றார்.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் பலரும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு ஆண்டு முழுவதும் மைதானம் கிடைப்பதில்லை. அது ஓட்டமாகட்டும், ஓவியமாகட்டும், ஆங்கிலப் பேச்சாகட்டும், நடுவில் ஏதேனும் ஒரு மழைக்காலம் வந்துதான் தீரும். அம்மழை சில வேளைகளில் நம் வீட்டுக்குச் சோறு போடும் மழையாகவும் இருக்கும். அதைச் சபிக்கவும் முடியாது. மழை விடட்டும் என்று காத்திராமல், கிடைத்த திண்ணையில் கிடைத்த கயிற்றைக் கொண்டு ஊசலை நிற்காமல் தள்ளிக்கொண்டிருப்போம். அடுத்த ஐப்பசியில் கண்மாய் நிறையும்போது, கரையில் நிற்கும் ஊராரோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.