எலியின் உறக்கமும் மருந்தின் அளவும்

ஆய்வுகூடத்து வெள்ளை எலிக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அதனாற் பெறப்படும் முடிவைக் கொண்டு மனிதருக்கு வழிகூறுவது மருத்துவ விஞ்ஞானத்தின் நெடுநாள் வழக்கமாகும். அவ்வெலி ஆணோ பெண்ணோ என்னும் வினா நெடுங்காலம் சிறிய வினாவாகவே கருதப்பட்டு வந்தது. அஃது அத்துணைச் சிறியதன்று.

பெண்ணெலியைச் சோடியம் அமிற்றல் என்னும் மருந்தால் மயக்குவதற்கு, ஆணெலிக்கு வேண்டியதில் ஏறத்தாழ அரைப்பங்கே போதுமென 1932 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. எக்சோபாபிற்றல் என்னும் மருந்தின் கதையும் இதுவே. ஒரே அளவு கொடுக்கப்பட்டபோது ஆணெலி விரைவில் விழித்தெழுந்தது. பெண்ணெலி நெடுநேரம் உறங்கிற்று. இதற்கான காரணம் பெரிதும் ஈரலிலேயே உளது. மருந்தைச் சிதைக்கும் நொதியங்கள் ஆணெலியின் ஈரலிற் கூடுதலாகத் தொழிற்படுகின்றன. விதை நீக்கப்பட்ட ஆணெலியின் உறக்கம் நீளும். ஆண் ஓமோன் ஏற்றப்பட்ட பெண்ணெலியின் உறக்கம் குறுகும். பின்வந்த ஆய்வுகள் மேலும் நுணுகிச் சென்றன. கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோன் ஆணெலியிற் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அலையென எழுந்து அடங்குகின்றது. பெண்ணெலியிலோ ஏறக்குறைய இடையறாது சுரக்கின்றது. எந்த நொதியம் உருவாதல் வேண்டும் என்பதை இத்தாளமே பெரிதும் தீர்மானிக்கின்றது என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

இனி அளவை நோக்குவோம். மருந்து சிறிதளவாயின், உடலில் உள்ளதில் ஒரு குறித்த பங்கு ஒவ்வொரு மணியும் நீங்கும். அளவு மிகுமிடத்து நொதியங்கள் தம் எல்லையை எட்டிவிடுகின்றன. எஞ்சியது தேங்கும், அல்லது வேறு வழி தேடும். பரசிற்றமோல் அத்தகையது. அதன் வழமையான வழிகள் நிரம்பியதும் ஈரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் கூடுதலாகப் பிறக்கின்றது. ஆகவே, ஆணெலிக்கு மிதமான அளவு பெண்ணெலிக்கு மிகையாகலாம். பாலைக் குறிக்காது எழுதப்படும் மருந்தளவு அரைகுறையான எண்ணேயாகும்.

தமிழில் 'எலி ஓடிற்று' என்றால் ஆண், பெண் தெரியாது. அஃறிணைக்கு அது போதும். ஆய்வறிக்கைகள் பலவும் இவ்வாறே 'எலி' என்று எழுதி ஆணெலியையே கருதின. 2011 இல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி, நரம்பியலில் ஆண் விலங்குகளை மாத்திரம் கொண்ட ஆய்வுகள், பெண் விலங்குகளை மாத்திரம் கொண்டவற்றினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டிருந்தன. பெண்ணெலியின் நான்கைந்து நாட் பாலியற் சுற்று முடிவுகளைக் குழப்பும் என்பதே கூறப்பட்ட நியாயம். பெண்ணெலிகளின் அளவீடுகள் ஆணெலிகளினதை விடக் கூடுதலாக மாறுபடுவதில்லை என 2016 இல் வெளியான ஒரு மீளாய்வு காட்டியபோது அந்நியாயமும் வலுவிழந்தது.

எலியில் தெளிவாகத் தெரியும் இவ்வேறுபாடு மனிதரிடத்து அவ்வாறே இல்லை. சில மருந்துகளை ஆண்களினும் பெண்களே விரைந்து நீக்குகின்றனர். ஆயினும் சொல்பிடெம் என்னும் உறக்கக் குளிசை பெண்களின் குருதியில் நெடுநேரம் தங்கி, மறுநாட் காலை வாகனம் செலுத்தும்போதும் மந்தத்தை விளைவித்தது. அம்மருந்து 1992 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெண்களுக்குரிய அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்குமாறு அந்நாட்டு அதிகாரிகள் பணித்தது 2013 இலேயே.