பதினெட்டு வயதுக் கார்

2023 தை மாதம் வரை எங்கள் இருவருக்கும் ஒரு கார் போதுமாக இருந்தது. ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, காலை ஏழரைக்கு முடியும். மற்றவருக்கு நியூஜேர்சி ரேர்ன்பைக்கின் 8ஏ வெளிவாயிலைச் சுற்றியிருக்கும் களஞ்சியங்களில் ஒன்றில் காலை ஏழு மணிக்கு வேலை. இடையில் விழுந்த அந்த அரைமணி நேரத்தை இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்தவர் கீழ்வீட்டுக் குஜராத்திக்காரர். அவரும் அதே களஞ்சியம். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அவர் குடும்பத்தோடு ரெக்சாசுக்குப் போய்விட்டார். எங்கள் வேலை நேரத்துக்குப் பொருந்துகிற பஸ் கிடையாது. பனிக்காலத்தில் நடந்து போகக்கூடிய தூரமுமில்லை. இரண்டாவது கார் வாங்கத்தான் வேண்டும் என்று வந்தது.

பிளெய்ன்ஸ்பரோவைத் தெரியாதவர்களுக்கு: பிரின்ஸ்ரனுக்குப் பக்கத்து ஊர். 1919இல் தனி ஊராட்சியானது. ஒருகாலத்தில் முழுக்கப் பால்மாடு. வோக்கர்-கோர்டன் பண்ணையில் 1930இல் ஒரு சுழலும் மேடையைக் கட்டினார்கள். ஐம்பது மாடுகள் அதில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவதற்குள் பால் கறந்து முடிந்துவிடும். இன்று மாடுகளில்லை, அடுக்குமாடி வீடுகள். தமிழ் நன்றாகக் கேட்கும். ஆனால் அது சென்னைத் தமிழ், கோயம்புத்தூர்த் தமிழ். நாங்கள் 'கதைக்கவேணும்' என்றால் என்ன கதை என்று கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஆக்களோடு கதைக்க வேண்டுமென்றால் ரொறொன்ரோவுக்குப் போன் எடுக்கவேண்டும்.

எடுத்தோம். ரொறொன்ரோ மச்சானின் தீர்ப்பு உடனே வந்தது: "பழங்காரைக் கட்டிக்கொண்டு அழாதேயுங்கோ. மூண்டு வருசக் கார் ஒண்டை லோனுக்கு எடுங்கோ." நாங்களும் போய்ப் பார்த்தோம். 22,000 டொலர். வரி 6.625 வீதம். 6,000 கையில் கட்டினால் மிச்சத்துக்கு 11 வீத வட்டி, மாதம் 380 டொலர்ப்படி அறுபது மாதம். கடன் தருகிறவன் முழு இன்சூரன்சும் போடச் சொல்வான். பழைய காரைக் காசுக்கு வாங்கினால் எங்கள் காரின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் போடாமல் விடலாம்.

எங்களிடம் இருந்தது சீட்டுக் காசு 10,000 டொலர். அதிலும் ஒரு பங்கு எங்களுடையதல்ல. தெல்லிப்பழையில் அக்காவின் காணி 2010க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் ஒன்று. சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. மாரிக்கு முன் கூரைக்குக் காசு அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தோம். மூன்று வருடக் காரை எடுத்தால் அந்த வருடமும் அக்கா தகரக் கொட்டிலில்தான்.

இந்தக் கணக்கோடு திரிந்த நாட்களில்தான் நூலகத்து விளம்பரப் பலகையில் கையால் எழுதிய அந்தத் துண்டைக் கண்டோம். 2005ஆம் ஆண்டு ஜப்பான் கார். நாலு சிலிண்டர். 74,000 மைல். ஒரே உரிமையாளர். எல்லாப் பற்றுச்சீட்டும் உண்டு. 5,200 டொலர்.

விற்கிறவர் எண்பது தாண்டிய வெள்ளைக்காரர். கண் மங்கியதால் இனி ஓட்டுவதில்லை என்று அவரே முடிவெடுத்திருந்தார். காரைக் காட்டுவதற்கு முன் மேசையில் ஒரு தடித்த கோப்பை வைத்தார். முதல்நாள் விற்பனைச் சீட்டிலிருந்து கடைசி ஓயில் மாற்றம் வரை திகதி வரிசையில். கூடவே ஒரு சின்னக் கொப்பி: பெற்றோல் அடித்த நாள், அளவு, மைல். நியூஜேர்சியில் நாங்களே பெற்றோல் அடிக்க முடியாது. 1949இலிருந்து சட்டம் அப்படி. நிலையத்துப் பையன் அடிக்க அடிக்க, இவர் ஆசனத்திலிருந்தே கொப்பியில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கோப்பைக் கண்டதும் எங்களில் ஒருவருக்கு மனம் இளகிவிட்டது. காரணம் ஐயாவின் ஏ 40.

ஐயா என்பது எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. அவருடைய கார் 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40 சோமசெற். 1200 சி.சி. என்ஜின், ஸ்ரியறிங் தண்டிலேயே கியர், திரும்பும்போது பக்கத்திலிருந்து எழும்பும் கைகாட்டி. 1968இல் ஒரு டொக்டரிடமிருந்து வாங்கியது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலேயே புதுக்கார் இறக்குமதி இறுகிப்போய்விட்டது. 1977இல் கதவு திறக்கும்வரை யாழ்ப்பாணத்தில் கார் வாங்குவதென்றால் பழைய கார் வாங்குவதுதான். அதனால் ஒரு காரின் வயதை யாரும் கேட்கவில்லை. 'ஆற்றை கார்?' என்றுதான் கேட்டார்கள். டொக்டற்றை கார், தபால் அதிபற்றை கார். வைத்திருந்தவரின் பெயர்தான் அதற்குச் சான்றிதழ். ஐயாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. கார் ஈ.எல். இலக்கம். இலக்கத்தகட்டுக்குச் சிங்கள ஸ்ரீ வருவதற்கு முந்தியது. 1958இல் அந்த எழுத்துக்காகத் தாரும் இரத்தமும் ஓடிய கதையை, தகட்டைத் துடைக்கும்போதெல்லாம் சொல்லுவார்.

1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது தெல்லிப்பழையிலிருந்து கோண்டாவிலுக்கு எங்களை ஏற்றிவந்தது அந்தக் கார்தான். பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. ஒரு சிறு போத்தல் பெற்றோலில் ஸ்ராட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய என்ஜின்களில் அழுத்தம் குறைவு, அதனால் மண்ணெண்ணெய் ஓடும். புதிய என்ஜின் என்றால் இடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஓயிலைத் தண்ணீராக்கிவிடும், பிளக் கரிபிடிக்கும். ஐயா கிழமைக்கொருமுறை பிளக்கைக் கழற்றித் துடைப்பார். கருவுற்ற பெண்களையும் காய்ச்சல்காரரையும் ஏற்றிப்போக மட்டும் காரை எடுப்பார். எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவைப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது போத்தலில் பெற்றோல் இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சனத்துக்குள் கார் நகர்ந்திராது. மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். ஐயா காரைப் பூட்டித் திறப்பையும் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டார். 1996இல் திரும்பிப் போனபோது மாமரத்தின் கீழ் ஓயில் ஊறிய மண் மட்டும் இருந்தது. கொப்பி இப்போதும் அக்காவிடம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒருவர் அன்றிரவு சொல்லிக்கொண்டிருக்க மற்றவர் கேட்டார்: "ஐயான்ரை காரையோ வாங்கப் போறியள், இந்தக் காரையோ?"

கேள்வி சரியானதுதான். இரண்டு நாள் நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கும் விடியப் புறமும் ஒருவர் தனியே ஓட்டப்போகிற வண்டி. கோப்பின் அழகு பிறேக்கைப் பிடிக்காது. அதற்குமேல், எங்களை இங்கே காப்பாற்ற எந்தச் சட்டமுமில்லை. பாவித்த காருக்கு நியூஜேர்சியில் ஒரு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது வியாபாரியிடம் வாங்கினால்தான், அதுவும் ஏழு வருடத்துக்கும் ஒரு லட்சம் மைலுக்கும் உட்பட்டால்தான். தனியாளிடம் வாங்கினால் நிற்கிற நிலையில் வாங்கியதுதான்.

கண்ணாடியில் பரிசோதனை ஸ்ரிக்கர் இருந்தது. ஜேர்மனியில் ரி.யூ.வி.யையும் இங்கிலாந்தில் எம்.ஓ.ரி.யையும் பார்த்துப் பழகிய எங்கள் ஆக்கள் அதைப் பார்த்தால் நிம்மதியாகிவிடுவார்கள். நிம்மதியாகக்கூடாது. 2010 ஓகஸ்ட்டிலிருந்து நியூஜேர்சி சாதாரணக் கார்களின் பிறேக்கையும் ஸ்ரியறிங்கையும் சோதிப்பதை நிறுத்திவிட்டது. பார்ப்பது புகைப் பக்கத்தை மட்டும். ஒண்டேரியோவில் பழைய காரைப் பெயர் மாற்றி ஓடுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இங்கே அதுவும் இல்லை. நாங்களேதான் பார்க்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனோம். முன்கூட்டியே காரை ஸ்ராட் செய்து வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். சூடான என்ஜின் பல குறைகளை மறைக்கும். பொனற்றில் கைவைத்தோம், பச்சைக் குளிர். முதல் திருப்பிலேயே பிடித்தது. நீலப்புகை இல்லை. நீலம் வந்தால் ஓயில் எரிகிறது என்று பொருள். கியர் ஓயில் சிவப்பாக இருந்தது, கருகிய மணம் இல்லை. ரைமிங் பெல்ற் பற்றிக் கேட்க நினைத்துப் பார்த்தால் இந்த என்ஜினுக்கு பெல்ற் இல்லை, செயின். பெல்ற் என்றால் பெரும்பாலும் தொண்ணூறாயிரம், ஒரு லட்சம் மைலில் ஒரு பெருஞ்செலவு காத்திருக்கும்.

பிறகு ட்ரென்ரன் பக்கத்துக் கராச் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். வைத்திருப்பவர் குவாத்தமாலாக்காரர். அதிகம் பேசாத மனிதர். அவருக்குக் கொடுத்த 150 டொலர்தான் இந்த விஷயத்தில் நாங்கள் செய்த நல்ல செலவு. காரை உயர்த்தி அடிப்பாகத்தை ஒரு இரும்புக் குச்சியால் தட்டிக்கொண்டே போனார். இங்கே பனிக்கு வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள். பதினெட்டு மாரியின் உப்பு எங்கே தின்றிருக்கிறது என்பதுதான் அவருடைய தேடல். மேல்துரு இருந்தது, சட்டம் உறுதி. பின் பிறேக் தேய்ந்திருந்தது. ரயரைக் காட்டினார். பூ நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்தில் பொறித்த இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் 2215. அதாவது 2015ஆம் ஆண்டின் 22ஆம் கிழமை செய்தது. "குறைய ஓடிய காரில் ரயர் தேயாது, கிழண்டும்" என்ற பொருள்பட ஏதோ சொன்னார். இறப்பர் சாமான் எல்லாவற்றுக்கும் மைல் அல்ல, வருடம்தான் கணக்காம்.

மிஞ்சியது ஒன்று. காரின் பதினேழு எழுத்து இலக்கத்தை அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். பக்கத்து ஆசனத்துக் காற்றுப்பை, திருத்தம் செய்யப்படவில்லை என்று வந்தது.

இந்தக் காற்றுப்பை விவகாரம் பலர் அறிந்ததுதான். பையை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்காகக் கிடந்து கெட்டுப்போனால், விபத்தில் அளவுக்கு மீறி வெடித்து உலோகக் கூட்டையே சிதறடிக்கும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடி 70 லட்சம் பைகள் திருப்பியழைக்கப்பட்டன. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாற்றித்தர ஒரு சதமும் வாங்கமாட்டார்கள். அப்படியிருக்க, பெற்றோல் அடித்த அளவைக்கூட எழுதிவைத்த மனிதர் இதை எப்படி விட்டார்?

கோப்பைத் திரும்பப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கத்துப் பை மாற்றிய சீட்டு இருந்தது. மற்றப் பக்கத்துக்கு வந்த கடிதம் உறை உடைக்காமலே அதே கோப்பில் திகதி வரிசையில் இருந்தது. 2016.

நாங்கள் கேட்டபோது கிழவர் கோபிக்கவில்லை. கொஞ்சநேரம் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் மனைவி இறந்தாராம். "அந்தப் பக்கத்தில் இருக்க ஆளில்லை. அவசரமில்லை என்று நினைத்தேன்" என்றார்.

எங்களுக்கு அந்த இடத்தில் பேரம் பேச வாய் வரவில்லை. ஆனால் அந்த ஆசனத்தில் எங்களுக்கு ஆள் இருக்கிறது. எங்களில் ஒருவர் மெதுவாக, பை மாற்றியபிறகு வாங்குகிறோம் என்று சொன்னார். மற்றவருக்கு அது கொஞ்சம் கொடுமையாகப் பட்டது. கார் கைமாறினாலும் திருத்தம் இலவசம்தானே, நாங்களே செய்விக்கலாமே என்று வெளியே வந்து சொன்னார். செய்விக்கலாம்தான். நாளைக்கு, அடுத்த கிழமைக்கு என்று நாங்களும் உறையை உடைக்காமல் வைக்கமாட்டோம் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வீட்டில் எங்கள் பல் டொக்டரின் கடிதங்கள் எத்தனை கிடக்கின்றன.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் போன் எடுத்தார். அயலவர் ஒருவர் ஓட்டிக்கொண்டுபோய் மாற்றிவந்திருக்கிறார். விலையிலும் அவராகவே 300 டொலர் குறைத்தார். 4,900. உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் திகதி, மைல், விலை எழுதிக் கையெழுத்து வைத்தார். கண்ணாடியை இரண்டுதரம் துடைத்தபிறகுதான் கோடு தெரிந்தது. கோப்பைத் தந்தார், காற்றுப்பைச் சீட்டும் அதனிடத்தில் இருந்தது. பெற்றோல் கொப்பியை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வரி, நாலு ரயர், பின் பிறேக், கராச்சுக்காரரின் 150 எல்லாம் சேர்த்து 6,100 டொலருக்குக் கொஞ்சம் மேலே போனது. மிச்சத்தில் 3,500ஐ அன்றைக்கே தெல்லிப்பழைக்கு அனுப்பினோம். கார் இதுவரை ஒருமுறை கழுத்தறுத்தது. பற்றறி. அதைக் காரின் குற்றமென்று சொல்ல முடியாது, லைற்றை நிற்பாட்ட மறந்தது நாங்கள்.

காசு கிடைத்ததென்று அக்கா போன் எடுத்தபோது காரைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"எத்தினையாம் ஆண்டுக் கார்?"

"ரெண்டாயிரத்தி அஞ்சு, அக்கா."

"பதினெட்டு வருசமோ?" அக்கா விரல்விட்டு எண்ணியது இங்கே கேட்டது. "அப்ப புதுக்கார் எல்லோ!"