சிலுவைக்குள் வாழும் இலவ மரம்

குவாத்தமாலா நாட்டின் டிக்கால் காட்டுக்குள் மாயா நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள், கோயில் கோபுரங்களைக் காணும் முன்பே ஒரு மரத்தடியில் நின்றுவிடுவார்கள். தூண் போல நேராக உயர்ந்து, உச்சியில் மட்டும் குடை விரித்த செய்பா மரம் அது. நம் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரமும் இதே இனம்தான். போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் தோப்புகளில் காய்த்துத் தொங்குகிறதே, அதே மரம்!

மாயா மக்கள் இதை 'யாஷ்சே' என்றார்கள். பச்சை மரம் என்று பொருள். வேர் பாதாளத்தில், அடிமரம் பூமியில், கிளைகள் வானத்தில். மூன்று உலகையும் இணைப்பது இந்த மரமே என்பது அவர்கள் நம்பிக்கை. நான்கு திசைகளுக்கும் நான்கு மரங்கள் உண்டு. கிழக்கே சிவப்பு, வடக்கே வெள்ளை, மேற்கே கறுப்பு, தெற்கே மஞ்சள். நட்டநடுவில் பச்சை.

பக்கத்து மக்களிடமும் இதே எண்ணம் இருந்தது. மத்திய மெக்சிகோவைச் சேர்ந்த பழைய தோல் சுவடி ஒன்று இங்கிலாந்தின் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முதல் பக்கத்தில் நடுவே நெருப்புக் கடவுள். சுற்றிலும் நான்கு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் மேலும் ஒரு பறவை.

மெக்சிகோவின் பலென்கேயில், கி.பி. 683-ல் இறந்த பக்கால் மன்னரின் கல்லறை கோயிலுக்கு அடியில் இருக்கிறது. 1952-ல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. கல் பெட்டியின் மூடியில் மன்னர் சாய்ந்திருக்க, அவருக்கு மேலே சிலுவை வடிவில் ஒரு மரம் எழுகிறது. பெட்டியின் பக்கங்களில் அவருடைய முன்னோர்கள் கொக்கோ, கொய்யா, அவகாடோ மரங்களோடு மண்ணிலிருந்து முளைத்து வருகிறார்கள். இறந்தவர்கள் அழிவதில்லை, மரமாகத் தழைக்கிறார்கள் என்பதைக் கல்லிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள். 1562-ல் யுகடானின் மானி என்ற ஊரில், டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார் மாயா சுவடிகளைக் குவித்துத் தீ வைத்தார். ஆனால், நல்லவர்கள் இறந்தபின் யாஷ்சே மரத்தின் நிழலில் என்றென்றும் இளைப்பாறுவார்கள் என்ற மாயா நம்பிக்கையை எழுதி வைத்ததும் அதே லாண்டாதான்!

சுவடிகள் எரிந்தன; மரம் பிழைத்தது. வந்தவர்கள் நட்ட சிலுவையில், மாயா மக்களால் தங்கள் பழைய மரத்தைக் காண முடிந்தது. மெக்சிகோவின் மலையூரான சான் ஹுவான் சமூலாவில் இன்றும் சிலுவைகளுக்குப் பச்சை வண்ணம் பூசுகிறார்கள். பைன் கிளைகளைக் கட்டி அலங்கரிக்கிறார்கள். தேவாலயத்தின் தரையிலும் பைன் இலைகளைப் பரப்புகிறார்கள். அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றித் தங்கள் மாயா மொழியிலேயே வேண்டிக்கொள்கிறார்கள்.

1955-ல் குவாத்தமாலா, செய்பாவைத் தேசிய மரமாக அறிவித்தது. ஆனால், அரசாணைக்கு வெகுகாலம் முன்பே மக்கள் அதைக் காத்து வந்தார்கள். காட்டைத் திருத்தி வயலாக்கும்போதும், செய்பாவின் மேல் மட்டும் கோடரி போடத் தயங்குவார்கள். அந்தப் பக்கம் பயணம் போகிறவர்கள், வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கும் அந்தப் பெரிய மரத்தை இன்றும் பார்க்கலாம்.