21 நாள் கேம்ப், மிச்சம் 344 நாள்

நமக்கு இன்னும் குழந்தை குட்டி கிடையாது. அப்புறம் எதுக்கு இந்தத் தலைப்புன்னு கேட்பீங்க. "இன்ஜினியரிங் படிக்கிறியே, இது நல்ல இடமான்னு பாத்துச் சொல்லு"ன்னு வீட்ல போனை நம்ம கையிலதானே கொடுக்கிறாங்க?

இந்த ஏப்ரல்ல அந்த வேலை எனக்கு வந்தது. மதுரையில இருக்கிற சித்தி ஒரு வாட்ஸ்ஆப் நோட்டீஸ் அனுப்பினாங்க. குழந்தைகளுக்கான எடை குறைப்பு கோடை முகாம். 21 நாள், மலைப் பிரதேசம், ரிசல்ட் கேரண்டி. போக வேண்டியவன் சித்தி பையன். 12 வயசு, ஏழாவது முடிச்சிருக்கான். ஸ்கூல்ல அவனுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன்.

மலைன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது கிளாவரை. எங்க அம்மாச்சி ஊர். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி தாண்டி, 40 கிலோமீட்டருக்கு மேல போனா பஸ் அங்கே நின்னுடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டு அந்தப் பக்கத்து வெள்ளாமைதான். சின்ன வயசுல என் லீவு முழுக்க அங்கேதான். காட்டுக்குச் சோறு கொண்டு போறது, தண்ணி எடுக்கிறதுன்னு ஏறி இறங்கியே பொழுது போயிடும். ஜூன்ல ஊர் திரும்பும்போது பேன்ட் லூசா இருக்கும். தீபாவளிக்குள்ள மறுபடி டைட்.

காரணம் சிம்பிள். வீட்ல எதுவும் மாறியிருக்காது. அதே ஸ்கூல் வேன், அதே டியூஷன், அதே ராத்திரி பத்து மணிச் சாப்பாடு. நம்ம பாஷையில சொன்னா லீவு ட்ரான்சியன்ட், வீடு ஸ்டெடி ஸ்டேட். 21 நாள் கேம்ப்பும் அப்படித்தான். மிச்சம் 344 நாள் இருக்கே?

அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு எடை குறைக்கிற டிவி போட்டி ஒண்ணு இருந்தது. அதில் கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்ச ஆய்வு 2016-ல் வெளியாச்சு. சராசரியா 58 கிலோ குறைச்சவங்க, 41 கிலோவைத் திரும்ப ஏத்தியிருந்தாங்க. சும்மா இருக்கும்போது அவங்க உடம்பு செலவழிக்கிற கலோரியும், இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 குறைஞ்சிருந்தது. அவங்க பெரியவங்க, அது போட்டி. 12 வயசுப் பையனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனா வேகமா குறைக்கிறது வேற, தக்கவைக்கிறது வேறன்னு புரியுது.

உங்க கைக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தா, முதல்ல பார்க்க வேண்டியது குழந்தை நல டாக்டரை. இந்தியக் குழந்தைகளுக்குன்னே 2015-ல் வெளியான வளர்ச்சி அட்டவணை இருக்கு. அதில் உயரம், எடை ரெண்டையும் குறிச்சுப் பார்ப்பாங்க. எடை ஏறுது, உயரம் மட்டும் பின்தங்குதுன்னா ஹார்மோன் பிரச்சினையான்னு சோதிக்கணும். வளர்ற வயசுல பல பிள்ளைகளுக்கு எடை குறையவே வேண்டாம். எடை அப்படியே நின்னு உயரம் கூடினாலே போதும்.

அடுத்து, கேம்ப்காரங்ககிட்ட கேளுங்க. டாக்டர் கூடவே இருப்பாரா? பட்டினி, பவுடர், டீடாக்ஸ்னு ஏதாவது உண்டா? எல்லார் முன்னாடியும் எடை பார்த்துச் சத்தமா படிப்பாங்களா? முக்கியமா, வீடு திரும்பினதுக்கு அப்புறம் என்ன? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2023-ல் சொன்ன வழி, குடும்பத்தையும் சேர்த்து 3 முதல் 12 மாசத்துல குறைஞ்சது 26 மணி நேரம் நேர்ல பயிற்சி. குடும்பமும் சேர்ந்து மாறணும், அதான் விஷயம். நான் நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குப் போன் பண்ணி இதைத்தான் கேட்டேன். "அடுத்த பேட்ச்சுக்கு டிஸ்கவுண்ட் உண்டு சார்"னாங்க.

எல்லா கேம்ப்பும் மோசம்னு சொல்ல வரல. தன்னை மாதிரி பிள்ளைகளோட, யாரும் கிண்டல் பண்ணாத இடத்துல மூணு வாரம் இருக்கிறதே சிலருக்குப் பெரிய விஷயம். பிள்ளைக்கே ஆசை இருந்து, கேள்விகளுக்கு ஒழுங்கான பதிலும் கிடைச்சா அனுப்பலாம்.

ஆனா எங்க வீட்ல அவன்கிட்ட யாருமே கேட்கலை. நான் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அண்ணே, போயிட்டு வந்தா அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்களா?"ன்னான்.

எடையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அவன் போக நினைச்சது அதுக்காக மட்டும்தான். அதை எந்த கேம்ப்பாலயும் குறைக்க முடியாது.

சித்திகிட்ட அப்படியே சொன்னேன். கேம்ப் வேணாம்னு முடிவாச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, ஹார்மோன் பிரச்சினை இல்லை. ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் எட்டு மணிக்கு மாறிடுச்சு. சாயந்திரம் அவனோட சித்தப்பாவும் நடக்கிறார். ஸ்கூல் திறந்ததும் சித்தி முதல்ல போய்ப் பார்த்தது கிளாஸ் டீச்சரை, அந்தப் பேர் விஷயமா. எடை எவ்வளவு மாறும்னு தெரிய இன்னும் பல மாசம் ஆகும்.

நம்ம ஹாஸ்டல்லயும் உடம்பை வச்சுப் பேர் வாங்கின ஒருத்தர் இருக்கார். அவரோட நிஜப்பேர் உங்களுக்குத் தெரியுமா?