பேரிலேயே வீழ்ச்சி

மொக்கைப் படம்னா இடைவேளையில எழுந்து வந்துடலாம். மொக்கை கேம்னா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு வேற வேலையைப் பார்க்கலாம். ஆனா நாலு பேர் சேர்ந்து ஆடறதுக்குன்னே செஞ்ச ஒரு கேம் மொக்கையாப் போச்சுன்னா, அது வேற மாதிரி வலிக்கும் மக்களே. இன்னைக்கு அப்படி ஒரு கேமைப் பத்தின புலம்பல்தான். பேரு பாபிலோன்ஸ் ஃபால். ஆமா, பேரிலேயே வீழ்ச்சி. யார் நல்ல நேரம் பார்த்துப் பேர் வெச்சாங்களோ :-)

கேம் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஜப்பான்ல, ஒசாகாவுல, பிளாட்டினம் கேம்ஸ்னு ஒரு கம்பெனி இருக்கு. சண்டை அமைக்கறதுல கில்லாடிங்க. 2009-ல பயோனெட்டா, 2017-ல நியர்: ஆட்டோமேட்டா. ரெண்டும் ஆடினவங்களுக்குத் தெரியும், பட்டனைத் தட்டின அடுத்த நொடி திரையில நடக்கற வேகமும் அழகும். நியரை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் இவங்களோட சேர்ந்து அடுத்த கேம் வருதுன்னு 2018 ஜூன்ல அறிவிச்சாங்க. சமையல்காரர் கைராசிக்காரர், கல்யாண வீடும் பெரிய வீடு. பந்தியில இடம் பிடிக்கத் துண்டு போட மாட்டோமா பின்ன?

2022 மார்ச் 3-ந்தேதி இலை போட்டாங்க.

கதை என்னமோ நல்ல கதைதான். பாபிலோன் பேரரசு அழிஞ்சு போச்சு. ஜிகுராட்னு ஒரு பிரம்மாண்டமான கோபுரம் மட்டும் மிச்சம் நிக்குது. கிதியோன் காஃபின்னு ஒரு கருவியை முதுகுல மாட்டிக்கிட்டு, நாலு பேர் கூட்டா அந்தக் கோபுரத்துல ஏறணும். கையில ரெண்டு ஆயுதம், முதுகுக் கருவி மூலமா இன்னும் ரெண்டு, ஆக ஒரே நேரத்துல நாலு ஆயுதம். படிக்கறப்போ ஜிவ்வுனு இருக்குல்ல?

ஆடினா என்ன நடக்குதுன்னா, ஒரு நடை, ஒரு ரூம், பத்துப் பதினஞ்சு எதிரி. அடிச்சு முடிச்சா கதவு திறக்கும். மறுபடி ஒரு நடை, ஒரு ரூம். திரை முழுக்க எண்ணெய் ஓவியம் மாதிரி ஒரு பூச்சு வேற. யோசனை அழகுதான், ஆனா சண்டை நடுவுல எது எதிரி, எது சுவர்னு கண்ணைச் சுருக்கிப் பார்க்கணும். 2021-ல நடந்த பீட்டா சோதனையிலேயே ஜனங்க இதைச் சொல்லி, கொஞ்சம் சரி பண்ணினாங்க. பத்தலை. போதாக்குறைக்கு, கவசம் உடையெல்லாம் சிலது அதே கம்பெனியோட ஃபைனல் ஃபேண்டஸி 14-லேருந்து வாங்கினதுன்னு ஆட்டக்காரங்க கண்டுபிடிச்சாங்க. முழு விலை 60 டாலர். அதுக்கு மேல பேட்டில் பாஸ், உள்ளேயே ஒரு கடை. ஆறு நாள் முன்னாடிதான் எல்டன் ரிங் வந்து உலகத்தையே சுருட்டி வாயில போட்டிருந்தது. அது நேரக்கொடுமை, விடுங்க.

எனக்குப் பெரிய குறையாத் தெரிஞ்சது இது எதுவும் இல்லை. நாலு பேர் ஆடற கேம்ல அந்த நாலு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தேவையே இல்லை. நாலு பேரும் அவங்கவங்க பாட்டுக்கு ஒரே எதிரியைப் போட்டு மொத்தறாங்க. ஒருத்தன் கிளம்பிப் போனாக்கூட ஆட்டத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கத்து பக்கத்து சீட்டுல உக்காந்து நாலு பேர் தனித்தனியா ஆணி புடுங்கற மாதிரி. அதான் ஆபீஸ்லயே நடக்குதே!

இங்க டார்ச்லைட் 2-ஐச் சொல்லாம இருக்க முடியலை. 2012 செப்டம்பர்ல வந்தது, விலை 20 டாலர். இன்ஜினியரிங் படிக்கறப்போ ஹாஸ்டல்ல எங்களுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. ஒரு ஸ்விட்ச், நாலு லேன் கேபிள், நாலு லேப்டாப். இன்டர்நெட் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதுல இன்ஜினியர்னே ஒரு பாத்திரம் உண்டு. எல்லாருக்கும் அடி வாங்கற வேளையில ஒரு குட்டி ரோபோவை இறக்கி விட்டு உயிர் ஏத்துவான். "டேய் இன்ஜினியரு, எங்கடா போய்த் தொலைஞ்சே"ன்னு அடுத்த ரூம்லேருந்து சத்தம் வரும். வாழ்க்கையில என்னை யாராவது அவசரமா, உண்மையிலேயே தேவைப்பட்டு, இன்ஜினியர்னு கூப்பிட்டது அங்கதான் :-)

அந்த நாலு பேர்ல ஒருத்தன் இப்போ ஜெர்மனி. ஒருத்தன் கோயமுத்தூர், கைக்குழந்தைக்காரன். இன்னொருத்தன் எங்கே இருக்கான்னு அவனுக்கே வாராவாரம்தான் தெரியும், அப்படி ஒரு ஆன்சைட் வேலை. போன் பண்ணினா "அப்புறம்?" "அப்புறம் நீதான் சொல்லணும்" - அதோட முடிஞ்சுது. ஆனா கையில ஒரு கேமைக் குடுங்க. எனக்கு ராத்திரி பன்னெண்டு, அவனுக்கு சாயங்காலம் ஏழரை, ரெண்டு மணி நேரம் போறதே தெரியாது. அப்பாவுக்கு ஆபரேஷன்ங்கறதை ஒருத்தன் எங்ககிட்ட சொன்னதே ஒரு பூதத்தை அடிச்சிட்டிருக்கறப்போதான். நேருக்கு நேரா போன்ல சொல்லியிருக்க மாட்டான். கண்ணு பூதத்து மேல இருந்ததால வாய் திறந்தது. கூட்டா ஆடற கேம் விக்கறது இதைத்தான். வாள், கேடயம், கோபுரமெல்லாம் பொட்டலம் கட்டற பேப்பர்.

சரி, பாபிலோனுக்கு வருவோம். ஸ்டீம்ல ஒரே நேரத்துல ஆடினவங்க எண்ணிக்கை உச்சத்துலயே 1,200-ஐத் தொடலை. 2022 மே மாசத் தொடக்கத்துல ஒரு கட்டத்துல அது ஒண்ணுன்னு காட்டிச்சு. ஒண்ணே ஒண்ணு! நாலு பேர் ஏற வேண்டிய கோபுரத்துல ஒத்தை ஆள். அந்தப் புண்ணியவான் யாரோ, அந்த ராத்திரி யாருக்காகக் காத்திருந்தாரோ. செப்டம்பர் 13-ந்தேதி விற்பனையை நிறுத்திட்டு, கடையைக் கட்டப் போறோம்னு அறிவிச்சாங்க. 2023 பிப்ரவரி 27-ல சர்வரை அணைச்சாங்க. மொத்தம் 361 நாள். முதல் பொறந்தநாள்கூடக் கொண்டாடலை.

பொட்டி தட்டறவன்ங்கறதால இந்த இடத்துல கொஞ்சம் உள்விவகாரம். டார்ச்லைட் 2-ல உங்க பாத்திரம், சாமான், காசு எல்லாம் உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபைலா இருக்கும். நண்பர்கள்ல ஒருத்தனோட மெஷினே சர்வர். பாபிலோன்ஸ் ஃபால் தனியா ஆடினாக்கூட கம்பெனி சர்வரோட பேசியே ஆகணும். உங்ககிட்ட இருக்கறது ஜன்னல் மட்டும், வீடு அவங்ககிட்ட. அவங்க விளக்கை அணைச்சா ஜன்னல்ல பார்க்க ஒண்ணும் இல்லை. ரூனிக் கேம்ஸ், அதான் டார்ச்லைட் செஞ்சவங்க, 2017 நவம்பர்ல மூடிட்டாங்க. கம்பெனி போச்சு, கேம் இருக்கு. அதே கேபிளைச் செருகினா இன்னைக்கும் ஓடும். பாபிலோன்ல கம்பெனிங்க இருக்கு, கேம் போச்சு. நல்ல கேமா மோசமான கேமாங்கறதை விட இந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாப் படுது.

சர்வர் சும்மா ஓடாது, மாசாமாசம் செலவு, ஆள் இல்லாத ஊருக்கு எவ்வளவு நாள்தான் பஸ் விடுவாங்கன்னு நீங்க கேட்கலாம். நியாயம். நானும் வேலையில பழைய சர்வீஸ்களை மூடினவன்தான். அதுல உழைச்சவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும். பஸ்ஸை நிறுத்தட்டும். ரோட்டையும் ஏன் தோண்டி எடுத்துட்டுப் போகணும்? போறப்போ லேன்ல ஆடற மாதிரி ஒரு கடைசிப் பேட்ச் விட்டிருந்தா, அந்த மொக்கை கேமை ரசிக்கற நாலு பேர் எங்கேயோ ஆடிட்டிருப்பாங்க. முதல்லேருந்தே அதை மனசுல வெச்சுக் கட்டினாத்தான் அது சுலபம். கடைசியில ஒட்டுப் போடறது கஷ்டம்.

இது தனிப் புலம்பல் இல்லை. 2024 ஏப்ரல்ல ராஸ் ஸ்காட்ங்கறவர் இதுக்காகவே ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சார். ஐரோப்பிய யூனியன்ல அவங்க கோரிக்கைக்கு 2025 ஜூலையில பத்து லட்சம் கையெழுத்து தாண்டிச்சு. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1-லேருந்து ஒரு சட்டம்: டிஜிட்டல் சாமானை "வாங்குங்க"ன்னு விக்கறவங்க, இது வெறும் உரிமம்தான்னு தெளிவாச் சொல்லணும். நிரந்தரமா டவுன்லோட் பண்ணி ஆஃப்லைன்ல வெச்சுக்க முடிஞ்சா விலக்கு. சட்டத்துக்கே வித்தியாசம் புரிஞ்சிருக்கு!

அதனால, அடுத்த தடவை நாலு பேர் சேர்ந்து ஆட கேம் தேடறீங்கன்னா, கிராஃபிக்ஸ் பார்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இதுல நாலு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தேவைப்படுமா? கம்பெனி போன பிறகும் இது ஓடுமா? ரெண்டுக்கும் ஆமான்னா, 20 டாலர் கேமே போதும்.

டிஸ்கி: கோயமுத்தூர்க்காரனோட குழந்தை இப்போ கன்ட்ரோலரைக் கடிக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஆறேழு வருஷத்துல அஞ்சாவது ஆள் ரெடி. டார்ச்லைட் 2-ல ஆறு பேர் வரைக்கும் ஆடலாம், இடம் இருக்கு.